திரவம் என்பதன் பொருள்

ஜெயநகர் நாலாவது பிளாக்.
வெளியே ஜூன் மழை, அரை மனதோடு.
ரசீது அச்சாகி வரும்போதுதான் சொன்னான்,
காய்காரர் கொசுறாய்க் கொத்தமல்லி நீட்டுவதைப் போல:
“மேடம், கூட ரெண்டு வருஷம் வாரண்டி.
ரெண்டாயிரத்து எண்ணூத்துத் தொண்ணூத்தொம்பதுதான்.”

கொத்தமல்லிக்கு யாரும் காசு கேட்பதில்லை.

டேப்லெட் இருபத்தோராயிரம்.
என்னுடையதாகி மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.
அதற்குள் அது எப்படியெல்லாம் சாகும் என்று
அடுக்குகிறான் மஞ்சேகௌடா
(பெயர் சட்டையில் குத்திய தகட்டில்).
படியில் விழும். பேட்டரி ஊதும்.
சார்ஜ் போடும் ஓட்டை தளரும்.
ஒரு நாள் காலையில் காரணமே இல்லாமல் கண் திறக்காது.
தாலி ஏறிய கையோடு
ஜீவனாம்சம் பேசுகிறவனைப் பார்ப்பதுபோல் பார்த்தேன்.

என் வேலை என்னவென்று அவனுக்குத் தெரியாது.
கோரமங்களாவில் ஏழாம் மாடியில், ஆறு வருடமாக,
தமிழிலும் கன்னடத்திலும்
மன்னிக்கவும் என்று சொல்வது.
உங்கள் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது.
பிரிவு நான்கு, உட்பிரிவு இரண்டு.
திரவம் என்றால் எங்கள் அகராதியில்
மழை, தேநீர், ரசம், வியர்வை, எச்சில்.
இயல்பான தேய்மானம் என்றால்
நீங்கள் பொருளைப் பயன்படுத்தினீர்கள் என்று பொருள்.
தவறான பயன்பாடு என்றாலும்
ஏறக்குறைய அதேதான்.

ஓசூரிலிருந்து தீர்த்தகிரி என்று ஒருவர்
போன மாதம் கேட்டார்:
“அப்ப எதுக்குத்தாம்மா தருவீங்க?”
என் திரையில் அதற்கு வரி இல்லை.
நாலு நிமிடம் பத்து விநாடியில் அழைப்பை முடித்தேன்.
சராசரியைவிடக் குறைவு.
பாராட்டி மின்னஞ்சல் வந்தது.

பொய் சொல்லக் கூடாது, கொடுத்ததும் உண்டு.
இருபத்து மூன்றாம் மாதத்தில் மைக் செத்துப்போன
ஒரு கல்லூரிப் பெண்ணுக்குப் புது போனே போனது.
அவள் கூவிய கூவலில்
பக்கத்து இருக்கை எஸ்தர் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டாள்.

ரசீதின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
முதல் வருடம் எப்படியும் கம்பெனி பார்க்கும்.
அப்புறம் திரை போனால், எஸ்.பி. ரோட்டில் ஐயாயிரம்,
முகத்தைச் சுளித்தால் நாலே கால்.
ஏழு பேர் கட்டினால் ஒருவருக்கு உடைகிறது.
மிச்சம் ஆறு பேர் காசு எங்கே போகிறதென்று
யாரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை:
ஒன்றாம் தேதி, என் கணக்கில் ஏறுகிறது.

கன்னடத்தில் கேட்டேன்,
ஒண்ணு வித்தா உனக்கு எவ்வளவு?
நூற்றிருபது.
இன்னைக்கு எத்தனை விக்கணும்? ஐந்து.
எத்தனை ஆச்சு?
மழையைப் பார்த்தான்.
கல்லாவில் சார்ஜில் கிடந்த அவன் போன்
மூலையிலிருந்து மூலைக்கு விரிந்த வெடிப்பு,
மேலே செல்லோடேப்.
“இதுக்கு எடுத்தியா?”
சிரித்துவிட்டான், முதல்முறையாக
விற்பனையாளன் இல்லாத சிரிப்பு.

வேண்டாம் என்றுதான் சொல்ல வாயெடுத்தேன்.
“மன்னிக்கவும்” என்று வந்தது,
அந்த ஏழாம் மாடிக் குரலில்.
தலையைச் சாய்த்து என்னை உற்றுப் பார்த்தான்:
“நீங்க கஸ்டமர் கேரா, மேடம்?”

வீட்டுக்கு வரும் பேருந்திலேயே
வங்கிச் செயலியில் தனி உண்டியல் திறந்து
அதே ரெண்டாயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பதைப் போட்டேன்.
பெயர் கேட்டது. ‘உடைந்தால்’ என்று கொடுத்தேன்.

செப்டம்பர். டேப்லெட் கல்லுக்குண்டாக இருக்கிறது.
கடலைமிட்டாய் கடித்து
உடைந்தது என் கடைவாய்ப் பல்.
உண்டியல் காலி, மேலே கைக்காசு வேறு.
நாற்காலியில் சாய்த்து, விளக்கைக் கண்ணுக்கு நேரே இழுத்து,
டாக்டர் கேட்கிறார்:
“கேப்புக்கு அஞ்சு வருஷம் வாரண்டி உண்டு.
கூட ஆயிரத்தைந்நூறு கொடுத்தா பத்து.”

வாய் நிறையப் பஞ்சு.
எச்சில் திரவத்தில் சேர்த்தியா என்று
கேட்பதற்குள்
தலை ஆடிவிட்டது.